அடக்கி வைத்த நீரும் அடங்காத வலியும்



நம் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் நிலம் இருக்கிறது, கல்வி இருக்கிறது, இடஒதுக்கீடு இருக்கிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நம் பெண்களின் அடிவயிற்று வலி இல்லை. அது வீட்டு விஷயம், பெண்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது என்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியில் எந்தக் காலனியிலும் பெண்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினால் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை. 'நீர்க்கடுப்பு', 'சூடு பிடிச்சிருச்சு', 'அடிவயிறு இழுக்குது', 'ஒன்னுக்குப் போனா எரியுது' என்று அதற்குப் பல பெயர்கள். இளநீர், மோர், வெந்தயம், தொப்புளில் எண்ணெய் என்று வீட்டு வைத்தியமும் உண்டு. அதெல்லாம் கேட்காதபோது மருந்துக்கடையில் 'நாலு மாத்திரை'. அதுவும் கேட்காதபோது ஆஸ்பத்திரி. அங்கே பல பெண்களுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: 'ரிப்போர்ட் நார்மலாத்தான் இருக்கு.'

ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் போகவில்லை. அப்படியானால் பொய் சொல்வது யார்? பெண்ணா, ரிப்போர்ட்டா? இந்தக் கேள்வி மருத்துவக் கேள்வி மட்டும் அல்ல, அரசியல் கேள்வியும்தான் என்பது எங்கள் நிலைப்பாடு.

முதலில் அறிவியலைப் பார்ப்போம். பெண்ணின் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். ஆணுக்கு ஏறத்தாழ 20. குடலில் சாதாரணமாக வாழும் ஈ-கோலை என்ற பாக்டீரியா அந்தக் குறுகிய தூரத்தைக் கடந்து சிறுநீர்ப்பைக்குள் ஏறுவது எளிது. சிறுநீர்த் தொற்றுகளில் நான்கில் மூன்று பங்குக்கு அதுவே காரணம். பெண்களில் பாதிப் பேருக்காவது வாழ்நாளில் ஒருமுறை இந்தத் தொற்று வருகிறது. வந்தவர்களில் சுமார் நால்வரில் ஒருவருக்கு ஆறே மாதத்தில் திரும்ப வருகிறது. ஆகவே இது 'சுத்தமில்லாதவர்களுக்கு வரும் நோய்' அல்ல. சுத்தம், அசுத்தம் என்ற சாதியின் மொழியை மருத்துவமனை வரிசையிலும் நம் பெண்கள் கேட்க நேர்கிறது. அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது சோதனை. 'யூரின் கல்ச்சர்' என்பது சிறுநீரை ஊட்டத்தட்டில் வைத்து எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்ப்பது. ஒரு மில்லி லிட்டரில் 1 லட்சம் கிருமிக் கூட்டங்களுக்கு மேல் வளர்ந்தால்தான் தொற்று என்ற கணக்கு 1950-களில் பாஸ்டன் நகரில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அவர் முக்கியமாகப் பார்த்தது சிறுநீரகம் வரை தொற்று ஏறிய பெண்களையும், அறிகுறியே இல்லாத பெண்களையும். எரிச்சலோடு வரும் பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, வெறும் 100 இருந்தாலே தொற்றாக இருக்கலாம் என்று 1982-இல் வால்டர் ஸ்டாம் குழு காட்டியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றும் பல ஆய்வகங்கள் பழைய 1 லட்சத்தையே கோடாக வைத்திருக்கின்றன. கோட்டுக்குக் கீழே இருக்கும் பெண், காகிதத்தில் நோயாளியே அல்ல.

அதோடு முடியவில்லை. ஈ-கோலை சிறுநீர்ப்பையின் உள்சுவர் செல்களுக்குள் புகுந்து அங்கேயே கூட்டமாகத் தங்கும் என்பதை அமெரிக்காவின் ஸ்காட் ஹல்ட்கிரென் குழு 2003-இல் எலிகளில் காட்டியது. தொற்று வந்த பெண்களின் சிறுநீரிலும் அத்தகைய கூட்டங்களின் தடயத்தை 2007-இல் கண்டார்கள். மருந்து சாப்பிட்டதும் அடங்கி, சில வாரங்களில் திரும்பத் தலைகாட்டும் தொற்றுக்கு இது ஒரு விளக்கம். நலமாக இருக்கும் பெண்ணின் சிறுநீர்ப்பையில் கிருமியே கிடையாது என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தில் ஆலன் வோல்ஃப், லிண்டா புரூபேக்கர் முதலானோர் 2012-லிருந்து வெளியிட்ட ஆய்வுகள் அதை உடைத்தன. நலமாக இருக்கும் பெண்களின் சிறுநீர்ப்பையிலும் லாக்டோபேசில்லஸ் உள்ளிட்ட பல நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. வழக்கமான கல்ச்சர் தட்டில் அவற்றில் பெரும்பாலானவை வளர்வதே இல்லை.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, 'கிருமி வளரவில்லை' என்ற காகிதம் அந்தப் பெண்ணுக்கு நோயில்லை என்பதற்குச் சாட்சி அல்ல. இரண்டு, சிறுநீரில் கிருமி இருக்கிறது என்பதே நோய்க்குச் சாட்சியும் அல்ல. ஆறு மாதத்துக்கு மேல் நீளும் சிறுநீர்ப்பை வலிக்கு எந்த நுண்ணுயிர் காரணம் என்று அமெரிக்காவில் 2008-இல் தொடங்கிய 'மேப்' என்ற பெரிய ஆய்வு வலையமைப்பு தேடியது. வலி கூடும் நாட்களில் சில பூஞ்சை இனங்கள் கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் ஒரே ஒரு கிருமியைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியவில்லை. அறிவியல் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும் இடம் இது. ஆகவே 'மறைந்திருக்கும் கிருமியைக் கொல்ல மாதக்கணக்கில் மருந்து' என்று யாராவது விற்க வந்தால் அவர்களையும் நம்பாதீர்கள்.

இங்கே நம் ஊரின் இன்னொரு சிக்கலையும் பேச வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளுக்கு இன்று இந்திய மருத்துவமனைகளில் கிடைக்கும் ஈ-கோலைகளில் பெரும்பாலானவை அடங்குவதில்லை. ஐ.சி.எம்.ஆர். ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளே இதைச் சொல்கின்றன. பழைய, விலை குறைந்த நைட்ரோஃபுரான்டாயின்தான் சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றில் இன்னும் பெரும்பாலும் வேலை செய்கிறது. இரண்டு நாள் விழுங்கி, எரிச்சல் குறைந்ததும் மீதியைப் பெட்டியில் போட்டு, அடுத்த முறை பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்கும் பழக்கம் அந்த வாய்ப்பையும் அழித்துவிடும்.

மருந்துக்கு அடங்காத கிருமி மனித உடம்பில் மட்டும் உருவாவதில்லை. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் ஊர். பஞ்சாபின் 18 பண்ணைகளில் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கறிக்கோழிகளில் கிடைத்த ஈ-கோலைகளில் 87 விழுக்காடும், முட்டைக்கோழிகளில் 42 விழுக்காடும் முக்கிய மருந்துகளை முறிக்கும் நொதியைக் கொண்டிருந்தன. 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கடை இறைச்சியிலும் அதே நகர நோயாளிகளின் சிறுநீரிலும் நெருங்கிய உறவுள்ள ஈ-கோலை இனத்தைக் கண்டது. கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில்தான் தடை செய்தது. நாமக்கல் முட்டையைச் சாப்பிடாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சத்துணவில் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நல்ல புரதம் அது, வேகவைத்த முட்டையில் இந்தக் கிருமி பிழைக்காது. நாங்கள் கேட்பது வேறு. பண்ணைக் கழிவை அள்ளுகிறவர், கூண்டைக் கழுவுகிறவர், அந்தத் தண்ணீர் ஓடும் ஓடைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர் யார்? அவர்களுக்குக் கையுறை உண்டா, கை கழுவ இடம் உண்டா, உடல் பரிசோதனை உண்டா?

இனி வேலையிடத்துக்கு வருவோம். அடிக்கடி தொற்று வரும் பெண்கள் நிறையத் தண்ணீர் குடித்தால் பலன் உண்டா என்று 140 பெண்களிடம் ஓராண்டு பார்த்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. குடிக்காதவர்களுக்கு 3.2 முறை. மருந்தே இல்லாமல் ஏறத்தாழ பாதி குறைந்தது. ஆகவே 'நிறையத் தண்ணி குடிம்மா' என்று மருத்துவர் சொல்வது சரியான அறிவுரைதான். அதைக் கடைப்பிடிக்க இரண்டு தேவை: குடிக்கத் தண்ணீர், போக ஓர் இடம்.

பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் கரும்பு வெட்டும் பெண்ணுக்கு அந்த இடம் எங்கே இருக்கிறது? செங்கல் சூளையில் கல் சுமக்கும் பெண்ணுக்கு? ஆத்தூர், ராசிபுரம் பகுதிச் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவும் பெண்ணுக்கு? பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு? ஆண்கள் வேலிப் பக்கம் திரும்பி நின்றால் முடிந்தது. பெண்கள் காலையில் இருட்டோடு ஒரு முறை, மாலையில் இருட்டிய பிறகு ஒரு முறை. நடுவில் வரும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த ஒரே வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வெயிலில் வியர்வையாகப் போனதுபோக மிஞ்சும் கொஞ்ச நீரும் சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்குகிறது. அடிக்கடி கழுவி வெளியேற்றப்பட வேண்டிய கிருமிக்கு அதுவே வசதியாகிறது. ஆண்டுக்கணக்கில் இறுக்கிப் பிடித்துப் பழகிய இடுப்புத்தளத் தசைகள் தளரவே மறந்து, கிருமி போன பிறகும் வலிக்கலாம்.

இது எங்கள் கற்பனை அல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் வித்யா வேணுகோபால் குழு 2014-15-இல் 312 பெண் தொழிலாளர்களை ஆராய்ந்தது. 71 விழுக்காட்டினர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாத அல்லது போதாத 200 பெண்களில் 87 விழுக்காட்டினர் சிறுநீர், பிறப்புறுப்புத் தொல்லைகள் அவ்வப்போது வருவதாகச் சொன்னார்கள்.

சட்டம் இல்லாமலா இருந்தது? 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கழிப்பறையைக் கட்டாயமாக்கியது. 1996-இன் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் 33-ஆம் பிரிவும் அதையே சொன்னது. ஆனால் நம் பெண்கள் அதிகமாகப் போன நூறு நாள் வேலையைப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வேலையிடத்தில் குடிநீர், குழந்தைகளுக்கு நிழல், ஓய்வு, முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. அந்தப் பட்டியலில் கழிப்பறை இல்லை. குடிநீரை எழுதிய கைக்கு, குடித்த நீர் எங்கே போகும் என்று தோன்றவில்லை. எழுதிய இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் உட்காரவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இதில் சாதி எங்கே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கழிப்பறை இல்லாத தோட்டத்தில் எல்லாச் சாதிப் பெண்ணும்தானே சிரமப்படுகிறாள் என்பார்கள். உண்மைதான், வலிக்குச் சாதி இல்லை. ஆனால் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண் தன் வீட்டுக்குப் போய் வரலாம், அதே தோட்டத்தில் களை வெட்டும் அருந்ததியர் பெண் அந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. அவள் ஒதுங்கும் வரப்பும் ஓடைக்கரையும் இன்னொருவர் பட்டாவில் இருக்கின்றன. ஏச்சும் கல்லும் பாலியல் சீண்டலும் அங்கேதான் காத்திருக்கின்றன. நம்மை ஒதுக்கி வைக்கத் தெரிந்த ஊருக்கு, நம் பெண்கள் ஒதுங்க ஓர் இடம் தரத் தெரியவில்லை. காலனியில் இரண்டு சென்ட் வீட்டுமனைக்குள் கட்டிய கழிப்பறைக்குத் தண்ணீர் வராவிட்டால், விறகு அடுக்கத்தான் அது பயன்படும்.

நகரத்தில் இன்னும் கொடுமை. விடியும் முன்பே தெருவில் இறங்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் ஊரார் கழிப்பறையைக் கழுவுகிறார்கள். பணி நேரத்தில் தாங்கள் போவதற்கு உரிமையோடு கேட்கக்கூடிய கழிப்பறை அவர்களுக்கு இல்லை. ஆகவே நம் கோரிக்கை 'கழிப்பறை கட்டு' என்பதோடு நின்றுவிடக் கூடாது. கட்டிய கழிப்பறையைக் கழுவ மறுபடியும் நம் தெருவிலிருந்தே ஆளைக் கூப்பிடுவார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்த பிறகும் நடப்பதை அறிவோம். தண்ணீரோடு கூடிய கழிப்பறை, இயந்திரத்தால் பராமரிப்பு, எல்லாச் சாதியினரும் செய்யும் நிரந்தர ஊதிய வேலை என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரு பெண்ணின் வலியை இன்னொரு பெண்ணின் இழிவைக் கொண்டு தீர்ப்பது நமக்குத் தீர்வாகாது.

ஆறு மாதத்துக்கு மேல் நீளும் அடிவயிற்று வலி எல்லாமே சிறுநீர்த் தொற்று அல்ல என்பதையும் இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கருப்பைக்கு வெளியே அதன் உள்படலம் வளரும் எண்டோமெட்ரியோசிஸ், கருக்குழாய்த் தொற்று, கணவனிடமிருந்து வரும் பால்வினைத் தொற்று, கல், குடல் கோளாறு என்று பல காரணங்கள் உண்டு. ஏழைகள் நாட்டில் மறக்கக் கூடாத ஒன்று காசநோய். சிறுநீரில் சீழ்செல்கள் தெரிந்தும் சாதாரண கல்ச்சரில் ஒன்றுமே வளராவிட்டால், சிறுநீர்ப் பாதைக் காசநோய்க்குத் தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவால் தொற்று அடிக்கடி வரும், அதற்கு உள்ளே தடவும் களிம்பு உண்டு. கர்ப்பிணிகளுக்கு எரிச்சல் இல்லாவிட்டாலும் சிறுநீர்ச் சோதனை அவசியம். குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, சிறுநீரில் ரத்தம் என்றால் ஒரு நாளும் தள்ளக் கூடாது.

காரணம் தேடாத மருத்துவம் கடைசியில் போய் நிற்கும் இடம் கருப்பை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019-இல் அரசுக் குழு கணக்கெடுத்தது. சுமார் 82 ஆயிரம் பேரில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பை இல்லை. வலியோடு போனவர்களிடம் 'எடுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்றார்கள். மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுவான் என்ற பயம் மீதியைச் செய்தது. தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறுநீர்ப்பையில் இருக்கும் வலிக்குக் கருப்பையை எடுத்தால் வலி அங்கேயேதான் இருக்கும். நம் ஊரில் யாருக்கு இந்த அறுவை பரிந்துரைக்கப்பட்டாலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

போராடினால் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்கள், தையல் தொழிலாளியான விஜியின் தலைமையில் முதலில் கேட்டது சிறுநீர் கழிக்க இடம். அந்தப் போராட்டம் உட்காரும் உரிமைப் போராட்டமாக வளர்ந்து 2018-இல் கேரளச் சட்டத்தையும், 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டத்தையும் திருத்த வைத்தது. லண்டனில் நாள்பட்ட சிறுநீர்த் தொற்றுக்காக ஜேம்ஸ் மலோன்-லீ நடத்திய மருத்துவப் பிரிவை 2015-இல் மூடியபோது, அங்கே சிகிச்சை பெற்ற பெண்களே சட்டப் போராட்டத்தில் இறங்கி அதை மீண்டும் இயங்க வைத்தார்கள். 1927-இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் முன்னோர் நீரைக் கையில் அள்ளியது குடிக்கும் உரிமைக்காக. குடித்த நீரை மானத்தோடு வெளியேற்றும் உரிமை அதன் மறுபாதி.

என்ன செய்யலாம்? கல்லூரி மாணவிகள் இந்தக் கோடை விடுமுறையில் தங்கள் காலனிப் பெண்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வேலை நேரத்தில் எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறீர்கள், எத்தனை முறை ஒதுங்க முடிகிறது, எரிச்சலோ அடிவயிற்று வலியோ எவ்வளவு நாளாக இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம். பெண்களிடம் பெண்களே கேட்க வேண்டும், சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. மாணவத் தோழர்கள் ஊராட்சி ஒன்றியத்துக்கும் மாநகராட்சிக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள்: தூய்மைப் பணியாளர்களுக்கு எந்தெந்த வார்டில் கழிப்பறை, அதில் தண்ணீர் உண்டா? இரண்டையும் சேர்த்து ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள்.

சுகாதாரத் துறையிடம் கேட்கவும் இருக்கிறது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது, நல்ல திட்டம். சர்க்கரை கூடினால் சிறுநீர்த் தொற்றும் கூடும். அந்தத் தன்னார்வலர் கேட்கும் கேள்விகளில் சிறுநீர் எரிச்சலையும் அடிவயிற்று வலியையும் சேர்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கல்ச்சருக்கு மாதிரி எடுத்து மாவட்ட மருத்துவமனைக்கு அவர்களே அனுப்பி, முடிவைக் கைபேசியில் சொல்ல வேண்டும். மாதிரி கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், மருந்து வாங்க ஒரு நாள் என்று மூன்று நாள் கூலியை இழக்க எந்தக் கூலிக்காரப் பெண்ணாலும் முடியாது. அதனால்தான் அவள் மருந்துக்கடைக்குப் போகிறாள்.

இதெல்லாம் நடக்கும்வரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் அம்மாவோ அத்தையோ 'அடிவயிறு வலிக்குது' என்று சொன்னால், 'தண்ணி குடி' என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். எத்தனை மாதமாக என்று கேளுங்கள். கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'நார்மல்' என்று காகிதம் வந்தாலும், 'அப்படியானால் ஏன் வலிக்கிறது, அடுத்து என்ன சோதனை?' என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் படிப்பை நமக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.